பேஸ் பின்னாடி விழுது

என் தம்பி தன்னைக் குறை சொல்லிக்கிட்டு நான் பார்த்ததே இல்ல. கால் இடறினா தரை சரியில்ல. பஸ்ஸை விட்டுட்டா டிரைவருக்கு அறிவில்ல. சின்ன வயசுல கணக்குப் பரீட்சையில கோட்டை விட்டுட்டு வந்து, கேள்வித்தாளைத் தப்பா அச்சடிச்சிருக்காங்கன்னு அப்பா முன்னாடி நின்னு சொன்ன ஆளு அவன். அப்பாவுக்கே சிரிப்பு வந்து, ஓங்கின கையை இறக்கிட்டார். அன்னைக்கு ரெண்டு போட்டிருந்தா உருப்பட்டிருப்பானோ என்னவோ.

ஆனா தாளத்துல மட்டும் அவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பகல்ல அவனுக்குக் கண்ணாடிக் கடையில வேலை. முன்னாடி நின்னு ஃப்ரேமைக் காட்டிப் பேசுறவங்க வேற. இவன் பின்னறையில உக்காந்து லென்ஸைத் தேய்ச்சு, ஃப்ரேம்ல பொருத்தி, கண்ணுக்கே தெரியாத ஸ்குரூவைத் திருகுறவன். சாயங்காலமானா மாஸ்டரோட மெல்லிசைக் குழுவுல பேஸ் கிட்டார். பார்க்க கிட்டார் மாதிரியேதான் இருக்கும், நாலே நாலு கம்பி, தடித்தடியா. அதுல வர்ற சத்தத்தைக் கூட்டத்துல யாரும் தனியாக் கேக்க மாட்டாங்க. நின்னு போனாத்தான் பாட்டுல என்னமோ குறையுதேன்னு முழிப்பாங்க.

குழுவுல அவனுக்கு வச்ச பேரு 'சுவரு'. ட்ரம்ஸ்காரர் உற்சாகம் வந்தா வேகமா ஓடுவார், பாடுற பொண்ணு பயம் வந்தா மெதுவா இழுக்கும். ரெண்டு பேரும் கடைசியில இவன் மேலதான் வந்து சாயணும். "ஏண்டா, மேடையில உன்னை ஒரு ஈ காக்கா திரும்பிப் பாக்குதா, உனக்கு வருத்தமாவே இல்லையா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "சுவரைப் பாக்கவா வர்றாங்க? சாஞ்சுக்க வர்றாங்க. நீ போய் இருமலை வெட்டு"ன்னான். கொழுப்பு அவனுக்கு.

இருமலை வெட்டுறதுதான் என் தொழில். ஒரு வீடியோ கம்பெனியில சவுண்டு எடிட்டிங். பெரிய மனுஷங்க பேசின பேச்சுல இருக்கிற இருமல், தும்மல், 'வந்து... வந்து...' எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு, அவங்க தெளிவாப் பேசின மாதிரி ஆக்கிக் குடுக்கணும். நானும் தம்பியும் ஒரே கட்டடம். கீழே அவனும் அவன் பொண்டாட்டியும், மாடியில நான். அவ பள்ளிக்கூடத்துல டீச்சர், வீட்டுலயும் எங்களுக்கு அவ டீச்சர்தான்.

மேடைக் கச்சேரி குறைய ஆரம்பிச்சதும் மாஸ்டர் டான்ஸ் பள்ளிகளுக்குப் பாட்டு பதிவு பண்ணிக் குடுக்கத் தொடங்கினார். எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டிப் பதிவு பண்றதெல்லாம் போச்சு. ட்ரம்ஸும் கீபோர்டும் பதிஞ்ச பாட்டை அவர் அனுப்புவார். இவன் வீட்டுல இஸ்திரி போடுற அறையில உக்காந்து, அதைக் காதுல கேட்டுக்கிட்டே பேஸ் வாசிப்பான். அது லேப்டாப்புல ஏற்கெனவே இருக்கிறது மேல தனி வரிசையாப் பதியும். பதிஞ்சதைத் திருப்பி அனுப்பிட்டா வேலை முடிஞ்சது.

ஒரு நாள் மாஸ்டர்கிட்டேருந்து ஒரு குரல் செய்தி. அவர் கோபமாப் பேசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பான். ரொம்பத் தயங்கித் தயங்கிப் பேசியிருந்தார். "தம்பி, பேஸ் கொஞ்சம் பின்னாடி விழுதுப்பா. போன பாட்டும் அப்படித்தான் இருந்தது, நான் சமாளிச்சுட்டேன். என்னன்னு பாரு. இப்படியே போச்சுன்னா நான் வேற யாரையாவது... சரி, நீ பாரு."

படியேறி என்கிட்ட வந்தான். போனை என் காதுல வச்சான். கேட்டு முடிச்சதும் நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவனே சொல்லிட்டான். "கம்ப்யூட்டர்க்கா. லேட்டன்சி. நீதான் சரி பண்ணித் தரணும்."

லேட்டன்சின்னா தாமதம். கம்பியில விரல் படுறதுக்கும் அந்தச் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ள போய்ப் பதியறதுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி விழும். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் உண்டு. சரியா அமைச்சு வச்சா காதுக்குத் தெரியாது. அமைக்கலேன்னா நல்லா வாசிச்சவனும் தாளம் தெரியாதவன் மாதிரி ஆயிடுவான். அதனால நானும் நம்பினேன். நம்பாம என்ன, சுவரு எங்கேயாவது நகருமா?

கீழே போய்ப் பாத்தா, மகராசன் ஒயர் இல்லாத ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். எனக்கு வந்துச்சே கோபம்! "ஏண்டா அறிவுகெட்டவனே, இதைப் போட்டுக்கிட்டா இத்தனை நாளா வாசிக்கிறே? ட்ரம்ஸ் சத்தம் காத்துல பறந்து உன் காதுக்கு வந்து சேர்றதே லேட்டு. லேட்டா வந்ததோட நீ சரியாச் சேர்ந்து வாசிச்சா அது லேட்டாத்தானே பதியும்?"

திட்டு வாங்கினவன் முகத்துல இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்ல. "டீச்சர்! இங்க வா! அக்கா என்ன சொல்றா கேளு!"ன்னு கத்தினான். சமையலறையிலேருந்து கையைத் துடைச்சுக்கிட்டே வந்த டீச்சர்கிட்ட, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சான். அவ சிரிச்சா. ஆனா நான் மாடிக்குப் போகும்போது படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே வந்தா.

"அண்ணி, இவர் நடக்கும்போது வலது கை ஆடவே மாட்டேங்குது, கவனிச்சீங்களா?"

"என்ன டீச்சர் சொல்றே?"

"இடது கை ஆடுது. வலது கை சும்மா தொங்குது. சட்டைப் பொத்தான் போட அவ்வளவு நேரமாகுது. கேட்டா, ஓட்டையைச் சின்னதாத் தைச்சிருக்கான்கிறார். டாக்டர்கிட்டப் போகலாம்னா எரிஞ்சு விழறார்."

எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. பார்க்கின்சன். கடைசிக் காலத்துல டம்ளரை வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதித் தண்ணி சட்டையில. அவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சட்டை மாட்டி விட்டதெல்லாம் தம்பிதான். அதனால இது என்னன்னு அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. தெரிஞ்சுதான் கம்ப்யூட்டரைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தான்.

ஒயர் வச்ச ஹெட்போனை மாட்டி வாசிச்சான். தாமதம் குறைஞ்சுது, போகல. திரையில நேர்கோடு நேர்கோடாத் தாளம் போட்டிருக்கும். அவன் வாசிச்ச ஒவ்வொரு அடியும் ஒரு சின்ன மேடு மாதிரி தெரியும். மேடு கோட்டுல ஆரம்பிச்சா சரி. இவனுது கோட்டைத் தாண்டித்தான் ஆரம்பிச்சுது.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல டீச்சர் மறுபடியும் டாக்டர் பேச்சை எடுத்தா. நானும் இருந்தேன். தட்டைத் தள்ளி வச்சுட்டு அவன் சொன்னான்: "சரி, ஒரு பேச்சுக்கு வர்றேன். அக்கா கம்ப்யூட்டர் தாமதத்தை மொத்தமா எடுத்துடட்டும். அதுக்கப்புறமும் நான் பின்னாடி விழுந்தேன்னா, நீ எந்த டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாலும் வாயை மூடிக்கிட்டு வர்றேன். போதுமா?"

போதுமாவாம். கம்ப்யூட்டரைச் சரி பண்ற வேலை என் தலையில விழுந்துச்சு. நான் ஒவ்வொண்ணா சரி பண்ணப் பண்ண, அவன் சாக்கு சொல்றதுக்கு ஒவ்வொண்ணாக் குறையும். இப்படி ஒரு ரிப்பேர் வேலை யாருக்காவது வருமா?

பஃபரைக் குறைச்சேன். குழாயில சொட்டுற தண்ணியை, வாளி ரொம்பினப்புறம்தான் தூக்கிட்டுப் போவேன்னு கம்ப்யூட்டர் உக்காந்திருக்கும். அந்த வாளிதான் பஃபர். வாளிக்குப் பதிலா டம்ளரை வச்சா அது ஓடி ஓடித் தூக்கணும், ஆனா காத்திருக்கிற நேரம் குறையும். ரொம்பக் குறைச்சா சத்தம் பொரியற மாதிரி படபடன்னு உடையும். உடையாத அளவுக்குப் பாத்து வச்சேன். கிட்டாரை லேப்டாப்போட இணைக்கிற சின்னப் பெட்டிக்கு அந்தக் கம்பெனியே குடுத்த மென்பொருளை இவன் போடவே இல்ல, பொதுவா இருக்கிறதை வச்சே ஓட்டிக்கிட்டிருந்தான். அதையும் போட்டேன். பாட்டை மெருகேத்துறேன்னு அவன் மாட்டி வச்சிருந்த எஃபெக்ட் ஒவ்வொண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொஞ்சம் தாமதம் பண்ணிக்கிட்டிருந்துச்சு. எல்லாத்தையும் கழட்டினேன்.

ஒவ்வொரு தடவையும், "இதுதான்க்கா, இதுதான்! இப்ப பாரு!"ன்னு கிட்டாரை எடுப்பான். பல்லவி நல்லா வரும். கோட்டு மேலயே விழும். டீச்சர் கதவோரம் நின்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பா. ரெண்டாவது சரணத்துல விரல் சோர ஆரம்பிக்கும். ஒண்ணு கொஞ்சம் பின்னாடி, அடுத்தது இன்னும் பின்னாடி, நடுவுல ஒண்ணு அவசரப்பட்டு முன்னாடி. சத்தமும் சின்னதாயிக்கிட்டே போகும். முடிச்சுட்டு என்னைப் பாப்பான். நான் திரையைப் பாப்பேன்.

வேற வழியில்லாம ஒரு நாள் சொல்லிட்டேன். "இதோ பாருடா. மெஷின் லேட்டுன்னா எல்லா அடியும் ஒரே அளவு லேட்டா விழணும். முதல் அடி எவ்வளவோ, கடைசி அடியும் அவ்வளவுதான். இது அப்படி இல்லையே."

அவன் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தான். "கம்ப்யூட்டர் சூடாகுதுக்கா. போகப் போக சூடாகுது, அதான் போகப் போக மெதுவாகுது"ன்னான். எழுந்து போய் டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து, லேப்டாப்பைப் பாத்துத் திருப்பி வச்சான். அந்த அறையில ஜன்னல் ஒண்ணுதான், அதுவும் பக்கத்துக் கட்டடத்துச் சுவத்தைப் பாத்த ஜன்னல். லேப்டாப் ஜில்லுனு காத்து வாங்கிக்கிட்டிருக்க, இவன் வேர்த்து வழிய வாசிச்சுக்கிட்டிருந்தான். எனக்கு அழுகையா வந்துச்சு. அழுதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு, ஃபேன்ல தூசி தட்டுறதில்லையான்னு டீச்சரைத் திட்டினேன். பாவம், அவ ஒரு துணியை எடுத்துட்டு வந்து துடைச்சா.

"ஒவ்வொரு அடியையும் நான் இழுத்துக் கோட்டுல வச்சுடறேண்டா. என் வேலையே அதுதான். ஒரு பயலுக்கும் தெரியாது"ன்னும் சொல்லிப் பார்த்தேன். அதுக்கு மட்டும் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அப்ப நான் எதுக்கு? நீயே வாசிச்சு நீயே அனுப்பிடு"ன்னான். மாஸ்டர்கிட்ட மட்டும், "கம்ப்யூட்டர் கோளாறு மாஸ்டர், அக்கா பாத்துக்கிட்டிருக்கா"ன்னு சொல்லி வச்சிருந்தான். அந்த மனுஷனும், "சரிப்பா, சரியானதும் சொல்லு, உனக்காகத்தான் அடுத்த பாட்டை வச்சிருக்கேன்"ன்னு காத்துக்கிட்டிருந்தார்.

கடைசியா ஒரே ஒரு சோதனை பாக்கி. அதை முதல்லயே செஞ்சிருக்கலாம், எனக்குத் தெரியாததில்ல. கை வரல. அந்தச் சின்னப் பெட்டியிலேருந்து சத்தம் வெளிய வர்ற ஓட்டைக்கும் உள்ள போற ஓட்டைக்கும் நேரா ஒரு கேபிளைப் போட்டுட்டா, கம்ப்யூட்டர் போடுற க்ளிக் அதுக்கே திரும்பிப் போய்ப் பதியும். நடுவுல கிட்டார் கிடையாது, மனுஷன் கிடையாது. அப்பவும் லேட்டா விழுந்தா குத்தம் மெஷின் மேல. சரியா விழுந்தா இல்ல.

ஞாயித்துக்கிழமை மத்தியானம். டீச்சர் தரையில விடைத்தாளைப் பரப்பி வச்சுத் திருத்திக்கிட்டிருந்தா. நான் கேபிளைச் சொருகினேன். க்ளிக், க்ளிக், க்ளிக். நிறுத்திட்டுத் திரையைப் பெருசாக்கினேன். பதிஞ்சது கோட்டு மேல இருந்துச்சு. தம்பி என் கையிலேருந்து மவுஸை வாங்கி இன்னும் பெருசாக்கினான். இன்னும் பெருசாக்கினான். கோட்டு மேலதான் இருந்துச்சு.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன். அதேதான்.

"கேபிளை மாத்திப் போடு."

மாத்தினேன். அதேதான். டீச்சர் பேனாவை மூடி வச்சுட்டா.

"கேபிளுக்கு என்னக்கா தெரியும்?"ன்னான். குரல் மெலிஞ்சிருந்துச்சு. "கிட்டார்லேருந்து வந்தாத்தான் லேட்டாகுதோ என்னமோ. உள்ள ஒயர் ஏதாவது போயிருக்கலாம். நீ வாசி."

"நானா? எனக்கு இதை எப்படிப் பிடிக்கிறதுன்னே தெரியாதேடா!"

"பிடிக்க வேண்டாம். க்ளிக் கேக்கும்போது இந்தக் கம்பியைத் தட்டு, அவ்வளவுதான். உனக்கும் லேட்டா விழுந்தா கிட்டார்ல கோளாறு." பட்டையை என் தோள்ல மாட்டி விட்டான். என் விரலை எடுத்துக் கம்பி மேல வச்சான். அவன் விரல் ஜில்லுனு இருந்துச்சு. ஹெட்போன் ஒண்ணை எனக்கு மாட்டிட்டு, இன்னொண்ணை அவன் மாட்டிக்கிட்டான்.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவளுக்கு வேண்டியது ஒண்ணுதான், நாளைக்கே அவனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். நான் நேராத் தட்டினா அது நடக்கும். எனக்கு அது புரியாம இல்ல. அவன் முகத்தைப் பார்த்தேன். கணக்குப் பரீட்சை அன்னைக்கு அப்பா முன்னாடி நின்னவன் முகத்துல பயமே இல்ல, இது பயந்த முகம். க்ளிக் ஆரம்பிச்சுது. நான் ஒவ்வொரு க்ளிக்கும் விழுற வரைக்கும் பொறுத்து, அப்புறம் கம்பியைத் தட்டினேன்.

முடிஞ்சதும் திரையில என்னோட மேடெல்லாம் கோட்டைத் தாண்டித்தான். "பாருடா! எனக்கும் லேட்டு!"ன்னு சத்தமாச் சொன்னேன். "கிட்டார்லதான்டா கோளாறு. நாளைக்கே கொண்டு போய்க் குடுப்போம், நல்ல ஆளு ஒருத்தர் எங்க ஆபீஸ் பக்கத்துலயே இருக்கார்."

அவன் திரையைப் பாக்கவே இல்ல. ஹெட்போனைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு என்னையே பார்த்தான்.

"அக்கா."

"என்னடா?"

"வேணும்னே இழுத்துத் தட்டினே."

"போடா, எனக்கு வாசிக்கத் தெரிஞ்சாத்தானே..."

"தெரியாதவங்க முந்துவாங்கக்கா. எல்லாரும் முந்துவாங்க. நீ ஒவ்வொண்ணுக்கும் காத்திருந்து தட்டினே. எனக்குக் காது கேக்குதுக்கா. காது நல்லாத்தான் இருக்கு." ஹெட்போனை எடுத்து மறுபடியும் மாட்டிக்கிட்டான். "ஒழுங்காத் தட்டு."

"வேண்டாம்டா."

"தட்டுக்கா."

தட்டினேன். கண்ணுல தண்ணி நிறைஞ்சு கோடும் தெரியல, மேடும் தெரியல. காதை மட்டும் வச்சுத் தட்டினேன். ஒண்ணு ரெண்டு முன்னாடி விழுந்திருந்துச்சு, ஒண்ணு ரெண்டு பின்னாடி. மிச்சமெல்லாம், வாழ்க்கையில முதல் தடவையாக் கிட்டாரைத் தொட்ட என்னோட மிச்ச அடியெல்லாம் கோட்டு மேல விழுந்திருந்துச்சு. அவன் கடைசி அடி வரைக்கும் விரல் வச்சு ஒண்ணொண்ணாப் பார்த்தான். அப்புறம் பட்டையை என் தோள்லேருந்து கழட்டினான். கொக்கியைக் கழட்ட அவனுக்கு நேரமாச்சு. நானும் டீச்சரும் உதவிக்குக் கை நீட்டல.

"எந்த டாக்டர் டீச்சர்? நாளைக்குப் போவோமா?"ன்னான். டீச்சர் தலையை ஆட்டினா. விடைத்தாளையெல்லாம் வாரி மார்போட அணைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தான். "மாஸ்டர்கிட்ட நீயே பேசிடுக்கா. என்னால முடியாது. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லிடு."

சாயங்காலம் மாஸ்டருக்குப் போன் போட்டேன். என்ன பேசணும்னு யோசிச்சு வச்சிருந்ததெல்லாம் மறந்து போச்சு. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். "மாஸ்டர், கம்ப்யூட்டர்ல இப்ப ஒரு கோளாறும் இல்ல."

"அப்பாடா!"ன்னார் அந்த மனுஷன். வாய் கொள்ளாத சிரிப்பு அவருக்கு. "எனக்குத் தெரியும்மா. ட்ரம்ஸ்காரன்கிட்ட அப்பவே சொன்னேன், சுவரு கையாவது தப்புறதாவது, எல்லாம் அந்த எழவு மெஷின் பண்ற வேலைன்னு. ரொம்ப சந்தோஷம்மா. பாட்டை இப்பவே அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம் மாஸ்டர்"ன்னேன். "நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."